பெண்ணியம் இனிமேலும் ஜெயிக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை:
ஆரம்பிக்கும்போதே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் அப்புறம் திட்டிக்கொள்ளுங்கள். பெண்ணியம் ஜெயிக்கக்கூடிய இடங்களில் எல்லாம் ஜெயித்து முடித்துவிட்டது, மிச்சம் இருப்பது ஜெயிக்கவே முடியாத இடம். 1893-இல் நியூசிலாந்துப் பெண்கள் ஓட்டுரிமை கேட்டார்கள், ஆளுநர் கையெழுத்துப் போட்டார், முடிந்தது. ஸ்விட்சர்லாந்து 1971 வரை இழுத்தடித்தது, அங்கேயும் கடைசியில் ஆண்களே ஓட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். பிரான்சில் கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க 1965-இல்தான் சட்டம் வந்தது. இதிலெல்லாம் கேட்பதற்கு எதிரே ஒரு ஆள் இருந்தார், வாங்குவதற்கு ஒரு காகிதம் இருந்தது. இப்போது கேட்பது வீட்டு வேலையில் பாதி, கூட்டத்தில் குறுக்கே பேசாமல் இருப்பது, ஆணின் பார்வை மாறுவது. இதற்கெல்லாம் யார் கையெழுத்துப் போடுவார்?

நிலைவாசல்:
ஜெயித்து முடித்துவிட்டதா? அமெரிக்காவில் 1973-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த கருக்கலைப்பு உரிமையை அதே நீதிமன்றம் 2022 ஜூனில் பிடுங்கிக்கொண்டது. நடுவில் 49 வருடம், ஒரு பெண் பிறந்து வளர்ந்து தன் மகளையும் வளர்த்து ஆளாக்கும் காலம். ஆப்கானிஸ்தானில் 2021-இலிருந்து ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு திறக்கவில்லை. நீங்கள் சொல்லும் காகிதத்தைக் கிழிக்கவும் ஆள் இருக்கிறார்கள், ஐயா.

அதே காலத்தில் அர்ஜென்டினாவைப் பாருங்கள். 2018-இல் கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதா செனட்டில் தோற்றது. போராட்டத்தின் அடையாளமான பச்சைக் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை, 2020 டிசம்பரில் அதே செனட் நிறைவேற்றியது. இது பழைய காலத்துப் பெண்ணியம் இல்லை, நீங்கள் தோற்றுவிட்டதாகச் சொல்லும் இந்தக் காலத்துப் பெண்ணியம்தான்.

கணக்குப்பிள்ளை:
சரி, சட்டத்தில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் எல்லாச் சட்டமும் வந்துவிட்ட நாட்டில் என்ன நடக்கிறது? ஐஸ்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 அக்டோபர் 24, நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் அலுவலகத்திலும் வீட்டிலும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஐந்தே வருடத்தில் ஒரு பெண் அங்கே குடியரசுத் தலைவர். பிரமாதம். அப்புறம் 2023-இல் அதே அக்டோபர் 24-ஆம் தேதி மறுபடி வேலைநிறுத்தம், அதில் கலந்துகொண்டவர்களில் அந்த நாட்டுப் பிரதமரும் ஒருவர், அவரும் பெண். நாட்டை ஆளும் பெண்ணே வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது என்றால் மனுவை யாரிடம் கொடுப்பது? அவரிடமேவா?

ஓரத்து இருக்கை:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு 23 வயது. சமத்துவத்துக்கு நான் எதிரி இல்லை, ஆனால் இணையத்தில் பெண்ணியம் என்று என் கண்ணில் படுவதில் பாதி, ஆண்களை மொத்தமாகக் கிண்டல் செய்யும் துணுக்குகள். மறுபக்கம் பெண்களை மொத்தமாகத் திட்டும் காணொளிகள், அதுவும் கேட்காமலேயே வந்து விழுகிறது. என் வயதுப் பையன்கள் பலர் ஏன் அந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று யாராவது யோசித்தீர்களா?

நிலைவாசல்:
தம்பி, யோசித்தாயிற்று. சண்டை மூட்டினால் பார்வை கூடும் என்பது அந்தத் தளங்களின் வியாபாரம், அதற்குப் பெண்ணியம் எப்படிப் பொறுப்பாகும்? தொழிலாளர் உரிமையைப் பற்றி யாரோ அசட்டுத்தனமாக எழுதினால் எட்டு மணி நேர வேலை வேண்டாம் என்றா சொல்வீர்கள்?

ஊசிநூல்:
நிலைவாசல், நான் உங்கள் பக்கம்தான், ஆனால் தம்பியை இவ்வளவு சுலபமாக அனுப்பிவிடாதீர்கள். பையன்களிடம் பேசாமல் இது நகராது. அவர் வாயை அடைத்தது நமக்கு வெற்றியும் இல்லை.

இன்னொன்று. எந்தப் பெண்ணின் வெற்றியை இங்கே எண்ணிக்கொண்டிருக்கிறோம்? 1976-இல் அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு ஒன்று தீர்ப்பானது. அந்த நிறுவனம் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது கடைசியில் சேர்ந்தவர்களை முதலில் வெளியேற்றினார்கள், போனது இவர்கள். நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்துத்தான் வந்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. எடுத்தது வெள்ளைப் பெண்களை. இனப் பாகுபாட்டுக்கு வேறு வழக்கு இருக்கிறது, அதோடு சேர்ந்துகொள்ளுங்கள், இரண்டையும் கலந்து புதிதாக ஒன்றைக் கேட்காதீர்கள் என்றது நீதிமன்றம். இந்த வழக்கை வைத்துத்தான் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் தன் வாதத்தை எழுதினார்: இரண்டு சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அடிபட்டவளுக்கு எந்தச் சாலையும் பொறுப்பேற்பதில்லை.

இப்போதும் அதே கதைதான். ஒரு பெண் மேலாளர் ஆகிறாள், அவள் வீட்டுத் தரையைத் துடைக்க இன்னொரு பெண் வருகிறாள், அவளுக்கு விடுப்பு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. வீட்டுப் பணியாளர்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை கொண்டுவந்ததே 2011-இல்தான். கணக்குப்பிள்ளை, கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் நிறைய இருக்கிறது, நீங்கள் மேல் மாடியில் மட்டும் தேடுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
இது நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. சட்டம் வீட்டு வாசல் வரை வரும், அடுப்படிக்குள் வராது.

நிலைவாசல்:
வந்திருக்கிறது. நார்வேயில் 1993 வரை அப்பாக்களும் குழந்தை வளர்ப்பு விடுப்பு எடுக்கலாம், எடுத்தவர்கள் மிகக் குறைவு. அந்த வருடம் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள்: நான்கு வாரம் அப்பாவுக்கு மட்டும், எடுக்காவிட்டால் குடும்பத்துக்கு அது நஷ்டம், அம்மா பெயருக்கு மாற்ற முடியாது. சில வருடங்களில் பெரும்பாலான அப்பாக்கள் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. "எனக்கு ஆசைதான், மேலாளர் என்ன நினைப்பாரோ" என்று இழுத்துக்கொண்டிருந்தவருக்கு, வேறு வழியில்லை என்று சொல்ல ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான்.

2023-இல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் காட்டியதையும் இதோடு வைத்துப் பாருங்கள். ஆண் பெண் சம்பள இடைவெளி இப்போது பெரும்பாலும் ஒரே தொழிலுக்குள்ளேதான், அதுவும் முதல் குழந்தைக்குப் பிறகுதான் விரிகிறது. எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிறவருக்குக் கூடுதல் சம்பளம் என்றால், வீட்டில் யாராவது ஒருவர் எந்த நேரமும் குழந்தையைப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். அது யார் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

என் வீட்டையே சொல்கிறேன். பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் முதல் எண் என் கணவருடையது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போன் எனக்கு வருகிறது. நான் கூட்டத்தில் இருந்தால் இரண்டாம் முறையும் எனக்கே வருகிறது. அடுத்த தடுப்பூசி எந்தத் தேதி, எந்தச் செருப்பு சிறியதாகிவிட்டது, எல்லாம் என் தலைக்குள். அவர் நல்ல மனிதர், சொன்னால் உடனே செய்வார். சொல்ல வேண்டியிருப்பதுதான் வேலை.

ஓரத்து இருக்கை:
சொல்ல வேண்டியிருப்பதும் ஒரு வேலை என்று நான் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அம்மா ஊருக்குப் போனால் எங்கே எது இருக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. அதைச் சிரித்துச் சிரித்துப் பேசுவோம்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு நாள் கழித்து வருகிறேன். அந்தப் பள்ளிப் படிவ விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது, போய்ப் பார்த்தேன். எங்கள் படிவத்திலும் முதல் எண் என்னுடையதுதான். மூன்று வருடத்தில் ஒரு அழைப்பு வந்ததாக எனக்கு நினைவில்லை, சரி, பள்ளிதான் பாரபட்சம் பார்க்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். மனைவியிடம் சொன்னபோது சிரித்தார். முதல் வருடம் நான்கு முறை கூப்பிட்டார்களாம், நான் எடுக்கவே இல்லையாம், அதற்குப் பிறகுதான் அவருக்கு. தெரியாத எண் என்று விட்டிருப்பேன். பள்ளியின் எண்ணை நான் சேமித்து வைக்கவே இல்லை.

என் வாதத்தை நான் விடவில்லை. இதற்கு எந்த நாட்டில் என்ன சட்டம் போடுவீர்கள்?

ஊசிநூல்:
எண்ணைச் சேமித்துவிட்டீர்களா?

கணக்குப்பிள்ளை:
இன்று காலைதான்.