மறு: ‘போர்ட்டிங்’ – ‘பதியமிடல்’ எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

‘போர்ட்டிங்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக முந்தைய மடலில் வந்த ‘துறைமாற்றம்’ எனக்கு ஒப்பவில்லை. துறை என்பது கம்பி செருகும் வாய்க்குத்தான் பொருந்தும். இங்கே பேச்சு, ஒரு கணினிக்கு எழுதிய நிரலை வேறு வகைக் கணினியில் ஓட வைப்பது பற்றி. ‘பெயர்த்தல்’ பரவாயில்லை. ஆனால் பெயர்த்தெடுத்தால் பழைய இடம் காலியாகிவிடும். போர்ட் செய்த நிரலோ பழைய கணினியிலும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

அதனால் ‘பதியமிடல்’ என்கிறேன். ரோஜாக் கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்தால் அங்கே புது வேர் விடும். இலையும் பூவும் மாறாது. தாய்ச்செடியும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இயங்குதளங்களின் தொடக்கக் காலத்தில் இந்தச் சொல்லைப் பொருத்திப் பாருங்கள். கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபி/எம் என்ற இயங்குதளம் அவ்வளவு நிறுவனங்களின் கணினிகளில் ஏறியதற்குக் காரணம், வன்பொருளைத் தொடும் பகுதியை அவர் பயாஸ் என்று தனியே பிரித்ததுதான். 2.2 பதிப்பில் அது 17 சிறு பணிகள்: விசையைப் படி, திரைக்கு ஓர் எழுத்தை அனுப்பு, வட்டில் ஒரு துண்டைப் படி, இப்படி. கணினி செய்பவர் அந்த 17ஐ மட்டும் தன் வன்பொருளுக்கேற்ப எழுதினால் போதும். வேர் மட்டும் புதிது, தண்டு பழையது. பதியம் என்பது இதுதானே!

1980இல் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸ் என்ற இயங்குதளம் அப்படியல்ல. அது வேறு செடி. ஆனால் நிரல்கள் அதைக் கூப்பிடும் முறையை சிபி/எம்மைப் போலவே வைத்தார். சிபி/எம்மில் 9ஆம் எண் பணி, டாலர் குறி வரும்வரை எழுத்துகளைத் திரையில் காட்டும். 86-டாஸிலும் அதே 9, அதே டாலர் குறி. இதற்குப் பதியம் என்ற சொல் கூடாது, ‘இணக்கம்’ போதும். இன்டெலின் பழைய 8080 சில்லுக்கு எழுதிய நிரலைப் புதிய 8086 சில்லுக்குக் கட்டளை கட்டளையாக மாற்றிய கருவிகளின் வேலைக்கு ‘பெயர்ப்பு’. மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் வரலாறே தவறாகப் புரியும்.

மைக்ரோசாஃப்ட் 86-டாஸை வாங்கியது. அதுதான் பிறகு டாஸ் ஆயிற்று. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது டாஸின் விலை 40 டாலர். சிபி/எம்மின் 8086 வடிவமாக 1982இல்தான் வந்துசேர்ந்த சிபி/எம்-86க்கு 240 டாலர். டாஸ் வென்றதற்கு விலையை மட்டும் காரணம் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. பழைய சிபி/எம் நிரல்களை அதில் எளிதாகப் பதியமிட முடிந்ததும் பெரிய காரணம். வேர்ட்ஸ்டார் என்ற ஆவணம் எழுதும் நிரல் 1982லேயே டாஸுக்கு வந்துவிட்டது. ‘வேர்ட்ஸ்டாரின் டாஸ் பதியம்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் உறுத்தவில்லை.

மறுபக்கம், 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் நிரல் வேகத்துக்காக இயங்குதளத்தைத் தாண்டி ஐபிஎம் பிசியின் திரை நினைவகத்திலேயே நேராக எழுதியது. வெறுமனே டாஸ் ஓடும் கணினி அதற்குப் போதவில்லை. மற்ற நிறுவனங்கள் ஐபிஎம்மின் மண்ணையே, அதாவது வன்பொருளையே, நகலெடுக்க வேண்டியதாயிற்று.

பதிவு, பதிப்பு ஆகியவற்றோடு குழம்புமா என்று கேட்பீர்கள். பதியம் தனிச் சொல்லாகவே காதில் விழுகிறது. குழம்பாது என்பது என் எண்ணம். எளிதில் போர்ட் செய்யக்கூடியது என்னும் பொருளில் வரும் ‘போர்ட்டபிள்’ என்பதற்குத்தான் நிறைவான சொல் அமையவில்லை. இப்போதைக்கு ‘பதியமாகும் நிரல்’ என்று எழுதுகிறேன். தோட்டவேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: சட்டென்று பதியம் பிடிக்கும் செடியை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள்?

அன்புடன்