சேலைப் போர்வை: தடித்த இடத்தில் தையல் விடுகிறது

வணக்கம். பழைய பருத்திச் சேலைகளில் 60 × 90 அங்குலத்துக்கு ஒட்டுப்போர்வை. ஆறரை அங்குலச் சதுரம் வெட்டி, கால் அங்குலம் பிடித்துத் தைத்தால் 6 அங்குலம் நிற்கும். 10 × 15, மொத்தம் 150 துண்டு. நடுவில் பழைய பருத்திப் போர்வை, அடியில் வேட்டி, அதுவும் சுற்றிலும் 2 அங்குலம் கூடுதலாக. (முந்தானை ஜரிகையைத் தவிர்த்துவிட்டேன், இஸ்திரி சூட்டில் சுருங்குகிறது.)

துண்டுகளை இணைக்கும்வரை தொல்லை இல்லை. மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டும்போதுதான், நான்கு சதுரம் கூடும் மூலையில் தையல் விட்டு விட்டு விழுகிறது. மிஷின் கால்மிதி, நேர்தையல் மட்டும்.

செய்து பார்த்தவை: 16ஆம் நம்பர் புது ஊசி, பாபின் கேஸில் (அடிநூல் கூடு) பஞ்சு எடுத்து எண்ணெய், ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) தூக்கிவைத்து மேல்நூல் மறுபடி கோர்த்தது. அடியில் நூல் சுருட்டுவது அதோடு நின்றது. ஃபுட் இறங்கியிருந்தால் நூல் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் உட்காராது. தையல் விடுவது மட்டும் போகவில்லை.

என் சந்தேகம் ஃபுட் அழுத்தத்தில். துணி ஊசியோடு மேலே எழும்பினால் மேல்நூலில் கண்ணி விழாது, அடியிலுள்ள கொக்கி அதைப் பிடிக்காது. அழுத்தத் திருகை இன்னும் இறுக்கலாமா, 18ஆம் நம்பர் ஊசி போதுமா? ஊசித் தண்டின் உயரத்தைத் தொடுவது கடைசி வழி என்று நினைக்கிறேன்.

தையல் ஓரங்களை வரிசைக்கு வரிசை எதிரெதிராக மடித்து இஸ்திரி போட்டால் மூலைத் தடிமன் எவ்வளவு குறையும்? செய்தவர்கள் சொல்லுங்கள்.