பட்டமும் பைலட் பயிற்சியும் ஒரே கல்லூரியில்: நேரில் போனால் என்ன கேட்பது?

ரன்வே27:
மகளுக்குப் பைலட் ஆக வேண்டும். பட்டப்படிப்போடு கமர்ஷியல் லைசென்ஸும் (சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான உரிமம்) சேர்த்துத் தரும் மூன்று கல்லூரிகளைக் குறித்து வைத்திருக்கிறோம். மூன்றின் கையேட்டிலும் 'மூன்று ஆண்டில் பட்டம், 200 மணி நேரப் பறத்தல்' என்றுதான் இருக்கிறது. வித்தியாசத்தை எதில் கண்டுபிடிப்பது?

மேகமூட்டம்:
பட்டம் தருவது பல்கலைக்கழகம். லைசென்ஸ் தருவது நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம். ஒன்றின் அங்கீகாரம் இன்னொன்றுக்குச் செல்லாது. அதனால் இரண்டு அனுமதிக் கடிதங்களையும் தனித்தனியே கேட்டு வாங்கிப் பாருங்கள். பறக்கும் பள்ளியின் பெயர் ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா, அனுமதி எந்தத் தேதி வரை என்பதையும் சரிபாருங்கள். சில கல்லூரிகள் வகுப்பை மட்டும் தாங்கள் நடத்திவிட்டு, பறத்தலை வெளிப் பள்ளியிடம் ஒப்படைத்துவிடும். அதில் தவறில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் மாணவியின் பாக்கி மணிகளுக்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது தொழில்முறை விமானிக்கான உடல்தகுதிச் சோதனை, எடுத்துவிடுங்கள். நிறம் பிரித்தறியும் திறன், ஈசிஜி, செவித்திறன் எல்லாம் அதில் பார்ப்பார்கள். ஃபீஸ் கட்டிய பிறகு இதில் தடை வந்தால் பணமும் போகும், வருடமும் போகும்.

காற்றுமுனை:
என்னைக் கேட்டால் விமானக் கணக்குதான் முதல் கேள்வி. கையேட்டில் உள்ள எண்ணிக்கையை விடுங்கள், இன்று பறக்கும் நிலையில் எத்தனை என்று கேளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பேட்ச்சில் 60 பேர், ஆளுக்கு 200 மணி என்றால் 12,000 மணி. ஆறு விமானங்கள், ஒவ்வொன்றும் வருடத்துக்கு 600 மணி பறந்தால் 3,600 மணிதான் கிடைக்கும். ஒரு பேட்ச்சை முடிக்கவே மூன்று வருடத்துக்கு மேல். அதற்குள் அடுத்த இரண்டு பேட்ச் வந்து வரிசையில் நிற்கும். சிமுலேட்டர் மணியைக் கழித்தாலும் இந்த இடைவெளி அடையாது. பயிற்சி விமானத்தை 100 மணிக்கு ஒருமுறை பரிசோதனைக்கு நிறுத்துவார்கள். செஸ்னா 172 போன்றவற்றில் இருக்கும் லைகாமிங் எஞ்சின்கள் பலவற்றுக்கு 2,000 மணியில் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சீரமைப்பது). மாற்று எஞ்சின் கையிருப்பில் இல்லாவிட்டால் அந்த விமானம் மாதக்கணக்கில் ஹாங்கரில் கிடக்கும்.

போன மாத புக்கிங் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பதிவானவை எத்தனை, பறந்தவை எத்தனை, ரத்தானவை எதனால்: வானிலையா, விமானமா, இன்ஸ்ட்ரக்டர் இல்லையா? காட்ட மறுத்தால் அந்தக் கல்லூரி வேண்டாம். சோலோ (ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பறப்பது) போகும் முன் இரண்டு வாரம் இடைவெளி விழுந்தால், இறங்கும்போது விமானத்தின் மூக்கைத் தூக்கும் அந்தக் கணக்கு கைவிட்டுப் போய்விடும். அடுத்த பறத்தல் பழையதைத் திரும்பப் பிடிப்பதிலேயே தீர்ந்துவிடும். அதற்கும் பணம் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

லாக்புக்:
பணத்தில் இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். ஒன்று, சட்டம் கேட்கும் குறைந்தபட்ச மணிக்கு மட்டும் ஃபீஸ் சொல்வது. பெரும்பாலோருக்கு அதற்கு மேல் ஆகும். ஆகவே போன பேட்ச்சில் லைசென்ஸ் வாங்கியவர்களின் சராசரி மணியைக் கேட்டு அதில் பெருக்குங்கள். மறுதேர்வு, லேண்டிங் கட்டணம், மல்டி எஞ்சின் விமானப் பயிற்சி இதில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, பறந்த மணியை எந்த மீட்டரில் கணக்கிடுகிறார்கள் என்பது. ஹாப்ஸ் மீட்டர் பொதுவாக எஞ்சின் ஓடத் தொடங்கியதிலிருந்தே ஓடும். டாக்கோ மீட்டர் எஞ்சின் சுழற்சி குறைந்தால் மெதுவாகும். ஹாப்ஸ் கணக்கு என்றால், ஓடுபாதை முனையில் 20 நிமிடம் காத்திருந்ததற்கும் முழுக் கட்டணம். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். பறக்காத மணிக்குப் பணம் திரும்பும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ரன்வே27:
மிக்க நன்றி. ஒரு கல்லூரியில் முதல் இரண்டு வருடம் பாடம் மட்டும், கடைசி வருடம் முழுக்கப் பறத்தல் என்கிறார்கள். சரிவருமா? பட்டத்தால் பறத்தலுக்கு ஏதாவது சலுகை உண்டா?

காற்றுமுனை:
52 வாரத்தில் 200 மணி என்றால் வாரத்துக்கு நாலு மணி. தாளில் முடியும். ஒரு மாதம் வானம் மூடினால் முடியாது. தவிர, விமானத்தில் அவளுக்குத் தலைசுற்றல் வருமா என்பதே மூன்றாம் வருடம்தான் தெரியவரும். முதல் வருடத்திலேயே வாரம் இரண்டு பறத்தல் தரும் கல்லூரியே மேல். கால அட்டவணையையும் பாருங்கள். காற்று அடங்கியிருக்கும் காலை வேளையில் வகுப்பு வைத்துவிட்டால், தொடக்கநிலை மாணவிக்கு அலைக்கழிக்கும் மதியக் காற்றுதான் மிஞ்சும்.

மேகமூட்டம்:
சலுகை நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஏர்லைன் பைலட் சான்றிதழுக்கு 1,500 மணி வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானத்துறைப் பட்டமும் அத்துறைப் பாடங்களில் 60 கிரெடிட்டும் இருந்தால், கட்டுப்பாடுள்ள வகைச் சான்றிதழ் (துணை விமானியாக மட்டும் பறக்கலாம்) 1,000 மணியிலேயே கிடைக்கும். 30 கிரெடிட் என்றால் 1,250. ஆனால் இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது), கமர்ஷியல் பயிற்சிகளை அந்தக் கல்லூரியோடு இணைந்த 'பார்ட் 141' பள்ளியில்தான் (பாடத்திட்டத்துக்கு அந்நாட்டு ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற பறக்கும் பள்ளி) முடித்திருக்க வேண்டும். செலவு குறையுமென்று விடுமுறையில் வேறிடத்தில் முடித்தால் அந்தச் சலுகை போய்விடும். அங்கே கமர்ஷியல் லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வு முடிவும் 24 மாதம்தான் செல்லும். முதல் வருடமே எழுதவைத்துவிட்டு மூன்றாம் வருடம் பறக்கவிடும் கல்லூரியில் திரும்ப எழுத வேண்டிவரும்.