கொலோனில் ரெண்டு வருஷம்: ஐரோப்பிய ஊர்களை நடந்து படிப்பது எப்படி?

தெப்பக்குளத்தான்:
அக்டோபரில் முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனியில் கொலோன் போகிறேன். வயது 23. மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரம் சதுரமாக நடந்தாலே ஊர் எப்படி வளர்ந்ததென்று பிடிபட்டுவிடும். அங்கிட்டு அப்படிப் பிடிபட எங்கிருந்து தொடங்கணும்? பத்து நாளில் பத்து ஊர் டூர் வேண்டாம். செலவும் கையைக் கடிக்கக் கூடாது. அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்.

விளக்குத்தூண்:
தம்பி, பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கு. பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்த இடம்தான் நம்ம வெளி வீதிகள். ஐரோப்பாவிலும் 19-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக இதே வேலைதான் நடந்தது. வியன்னாவில் மதிலை இடிக்க 1857-இல் உத்தரவு வந்தது. அங்கே போட்ட ரிங்ஸ்ட்ராஸே 1865-இல் திறந்தது. போலந்தின் கிராகூவில் மதில் இருந்த இடம் முழுக்க இன்று பூங்கா. கொலோனில் 1881-இல் இடித்தார்கள். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மேப்பைத் திறந்து தெருப் பெயர்களைப் பாருங்கள். ரிங், வால் என்றால் மதில் ஓடிய தடம். கிராபென் என்றால் அகழி, டோர் என்றால் வாசல். நெல்பேட்டை, கீழவாசல் மாதிரிதான், பெயர் விஷயத்தைச் சொல்லிவிடும்.

கொலோனில் முதல் நடையைப் பேராலயத்தின் வாசலில் தொடங்குங்கள். அந்த முற்றத்திலேயே ரோமானியர் கட்டிய வடக்கு வாசலின் பக்க வளைவு நிற்கிறது; கூட்டத்தில் கண்ணில் படாது, தேடிப் பார்க்கணும். கி.பி. 50-இல் ரோமப் பேரரசர் கிளாடியஸ் இந்த ஊரைக் 'கொலோனியா' (ரோமானியக் குடியேற்ற நகரம்) ஆக்கினார், பெயர் அதிலிருந்து வந்ததுதான். துணிக்கடைகள் நெருக்கும் ஹோஹே ஸ்ட்ராஸே, ரோமானியர் போட்ட வடக்கு–தெற்கு நெடுந்தெருவின் தடம். அடுத்து மேற்கே ட்ஸாய்க்ஹவுஸ்ஸ்ட்ராஸேயில் ரோமர்டூர்ம். ரோமானிய மதிலின் வடமேற்கு மூலைக் கோபுரம். கிட்டப் போய் நின்று பாருங்கள்: வேறு வேறு நிறக் கல்லை வெட்டி வைத்து வட்டம், அரைவட்டம், சின்னக் கோயில் முகப்பு என்று கோலம் போட்ட மாதிரி இழைத்திருப்பார்கள். உச்சியில் இருக்கும் பல் வரிசை மட்டும் பிற்காலத்து வேலை. கடைசியாக இடைக்கால மதிலில் தப்பிய மூன்று பெரிய வாசல்கள்: வடக்கே ஐகெல்ஷ்டைன், மேற்கே ஹானென்டோர், தெற்கே செவெரின்ஸ்டோர். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்காமல் ரெண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கே பொழுது அடைந்துவிடும்.

மாசிவீதி அக்கா:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கங்க தம்பி. பழசு மாதிரித் தெரிவதெல்லாம் பழசு இல்லை. கொலோன் பேராலயமே 1248-இல் தொடங்கி, 16-ஆம் நூற்றாண்டில் பாதியில் நின்று, 1842-இல் மறுபடி ஆரம்பித்து 1880-இல்தான் முடிந்தது. நடுவில் முந்நூறு வருஷத்துக்கு மேல் அரைகுறைக் கோபுரத்தின் தலையில் பாரந்தூக்கி (கிரேன்) ஒன்று அப்படியே நின்றது. வார்சாவின் பழைய நகரம் போருக்குப் பிறகு திரும்பக் கட்டியது. 18-ஆம் நூற்றாண்டில் பெல்லோட்டோ வரைந்த ஓவியங்களையும் பார்த்துக் கட்டினார்கள். டிரெஸ்டனில் போரில் இடிந்த ஃபிராவென்கிர்ஷே தேவாலயம் 2005-இல் திரும்ப எழுந்தது. அதன் சுவரில் கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும் கற்கள் இடிபாட்டிலிருந்து எடுத்து வைத்த பழையவை, வெளுத்தவை புதுசு. அதனால் கட்டிய வருஷத்தோடு இடிந்த வருஷத்தையும் கேட்டு வையுங்கள்.

நடக்கும்போது குனிந்தும் பாருங்கள். வீட்டு வாசல் நடைபாதையில் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு பதித்த கல் இருக்கும். "இங்கே வாழ்ந்தவர்" என்று தொடங்கி பெயர், பிறந்த வருஷம், நாஜிகள் எங்கே கொண்டுபோனார்கள், என்ன ஆனார் என்று நாலைந்து வரி. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-இல் கொலோனில் தொடங்கி வைத்தது. ஒரு நிமிஷம் நின்று வாசியுங்கள்.

ரயில்நிலையத்தார்:
காசு விஷயம். கல்லூரிக் கட்டணத்தோடு செமஸ்டர் டிக்கெட் வருகிறதா, அது நாடு முழுக்கச் செல்லுமா என்று முதலில் கேளுங்கள். செல்லும் என்றால் ஆர்இ, ஆர்பி, எஸ்-பான் என்ற வட்டார வண்டிகளில் ஏறலாம். ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர விரைவு வண்டிகளில் செல்லாது. தெரியாமல் ஏறினாலும் குறைந்தது 60 யூரோ அபராதம். அந்த டிக்கெட்டிலேயே ஆகன் ஒரு மணி நேரம். மன்னர் சார்லமேன் கட்டிய எட்டுப்பட்டை ஆலயம் அங்கே. டிரியர் கோப்லென்ஸில் மாறிப் போகலாம், விடியற்காலை கிளம்பணும். அங்கே உள்ள போர்ட்டா நீக்ரா ரோமானிய வாசல் பிழைத்ததற்குக் காரணம், 11-ஆம் நூற்றாண்டில் அதைத் தேவாலயமாக்கியது. பிற்பாடு ஒட்டிய பகுதிகளை நெப்போலியன் அகற்றச் சொன்னார்.

ஜெர்மனியில் பெரும்பாலான மியூசியங்களுக்குத் திங்கள் விடுமுறை. பாரிஸின் லூவர் மியூசியத்துக்குச் செவ்வாய். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு ஜெர்மனி முழுக்க, வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களையும் திறந்து விடுவார்கள். அதைத் தவற விடாதீர்கள்.

தெப்பக்குளத்தான்:
26 வயதுக்குக் கீழே இலவசம் என்கிறார்களே, நமக்கும் உண்டா?

ரயில்நிலையத்தார்:
நாட்டுக்கு நாடு வேறு. லூவர் மாதிரி பிரான்சின் தேசிய மியூசியங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவராக இருந்தால் போதும். இந்தியப் பாஸ்போர்ட் தடையில்லை, குடியிருப்பு அட்டையைக் கையில் காட்டணும், போட்டோகாப்பி உதவாது. இத்தாலியில் 2 யூரோ சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும். அதை நம்பிச் சலுகை டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்தால் வாசலில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அங்கே மாதத்தின் முதல் ஞாயிறு அரசு மியூசியங்கள் எல்லாருக்கும் இலவசம், அன்றைக்குப் போங்கள்.

வைகைக்கரை:
இத்தாலி போனால் நம்ம ஊர்க்காரர் தேட வேண்டிய இடங்கள் உண்டு. பாண்டியன் மதுரையில் ஆள்வதாக எழுதி வைத்தவர் ரோமானிய எழுத்தாளர் பிளினி. ரோமில் மாக்ஸென்டியஸ் மண்டபத்துக்கு அடியில் பேரரசர் டொமீஷியன் கட்டிய மிளகுக் கிடங்கின் எச்சம் இருக்கிறது. இங்கிருந்து கப்பலேறிய சரக்கு அது. நேப்பிள்ஸ் தொல்பொருள் மியூசியத்தில், 1938-இல் எரிமலையில் புதைந்த பொம்பேயி நகரத்தில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை: சாண் உயரப் பெண், கையிலும் காலிலும் வளையல் அடுக்கு. லட்சுமி என்று எழுதியிருப்பார்கள், யட்சி என்பதே பொருத்தம். அது 'ரகசிய அறை' என்ற தனிப் பகுதியில் இருக்கும், விசாரித்துப் போங்கள். அந்த மியூசியத்துக்கும் செவ்வாய்தான் விடுமுறை.