தேரி (செம்மணல் மேடு) மணலில் தார் ஜீப் புதைந்துவிட்டது, அவசரம்! டோ உருண்டையில் கயிறு கட்டி இழுக்கலாமா?

செம்மண்88 | காலை 11.42
உத்திரத்துக்குக் குலதெய்வம் கோவிலுக்கு வந்தோம். கூட்டம் அதிகம், அதனால் வண்டியைத் தேரிப் பக்கம் கொஞ்சம் உள்ளே விட்டேன். இப்போது தார் மணலில் உட்கார்ந்துவிட்டது. மிதிக்க மிதிக்க இறங்குகிறது. மச்சான் பொலீரோவோடு ரோட்டில் நிற்கிறார், லாரிக் கயிறு இருக்கிறது. பொலீரோவின் பின்னால் டிரெய்லர் மாட்டுவதற்கு உள்ள டோ உருண்டையில் கட்டி, ஜெர்க் கொடுத்து இழுத்தால் வருமா? சீக்கிரம் சொல்லுங்கள், பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள்.

கடலோரஜீப் | 11.46
உருண்டையில் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். அது டிரெய்லரை நிதானமாக இழுப்பதற்கானது, ஜெர்க் தாங்காது. முறிந்தால் கயிற்று நுனியில் இரும்புக் குண்டு பறந்து வரும். ஆஸ்திரேலியாவில் இதனாலேயே ஆட்கள் செத்திருக்கிறார்கள்.
இனி நீங்கள் சொல்லுங்கள்: எந்த டயர் புதைந்திருக்கிறது, எவ்வளவு? வண்டியின் வயிறு மணலைத் தொடுகிறதா? ரோடு எவ்வளவு தூரம்?

மேஜர்97 | 11.49
வண்டி வாங்கினால் கூடவே ஒரு புத்தகம் தருவார்கள். அதைப் பிரித்துப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வராது. லோ ரேஞ்ச் (ஃபோர் வீலில் வேகம் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) போடு, இரண்டாம் கியர், கிளட்சைப் பதமாக விடு, வந்துவிடும். இதற்குப் போய் கயிறு எதற்குத் தம்பி?

பனங்காட்டான் | 11.53
நான் அந்தப் பக்கத்துக்காரன்தான். எந்தத் தேரி? குதிரைமொழித் தேரி என்றால் அது காப்புக்காடு, வனத்துறை ஆள் வருவதற்குள் கிளம்பப் பாருங்கள். பக்கத்தில் பனை நிற்குமே, வின்ச் (வண்டியில் கயிறு சுற்றி இழுக்கும் கருவி) கயிற்றை அதில் கட்டி இழுங்கள். வேலை முடிந்தது.

மேஜர்97 | 11.55
பனைக்கு ஆணிவேர் கிடையாது. மணலில் நிற்கும் பனையை நம்பி வின்ச் போடச் சொல்லும் ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

பனங்காட்டான் | 11.58
ஆணிவேர் இல்லை, சரி. சல்லிவேர் எத்தனை இருக்கிறதென்று தோண்டிப் பார்த்ததுண்டா? ஆடிக் காற்றில் தேரியே இடம் மாறும், பனை அசையாது. அடிமரத்தில், தரையை ஒட்டி, அகலப் பட்டை போட்டுக் கட்டினால் ஒன்றும் ஆகாது. உயரத்தில் கட்டினால்தான் சாயும்.

செம்மண்88 | மதியம் 12.04
பின் டயர் இரண்டும் பாதிக்கு மேல் உள்ளே. முன் டயர் பரவாயில்லை. ரோடு 200 அடி இருக்கும். அண்ணாச்சி, லோ ரேஞ்ச் லீவரே இல்லை. இது பின்சக்கர ஓட்டம் மட்டும் உள்ள தார்.

டீசல்மூக்கன் | 12.05
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா! 2023இல் வந்தது, ஃபோர் வீல் கிடையாது. அப்புறம் 200 அடிக்கு லாரிக் கயிறு எங்கே எட்டும்? பொலீரோவும் மணலில் இறங்கினால் இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஆள் தேட வேண்டியதுதான்.

கடலோரஜீப் | 12.11
சரி, கயிற்றை மறந்துவிடுங்கள். முதலில் மிதிப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் டயர் தனக்கே குழி தோண்டிக்கொள்கிறது.
எல்லாரையும் இறக்குங்கள், சாமான்களையும். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு வீக்கம் இருக்கும், அதன் கீழே மணல் முட்டியிருந்தால் கையால் தோண்டி எடுங்கள். அது ஊன்றியிருக்கும் வரை டயர் என்ன செய்தாலும் வண்டி நகராது. வந்த தடம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அதனால் பின்னோக்கி எடுப்பதுதான் சுலபம். டயருக்குப் பின்னால் சரிவாக ஒரு வழி வெட்டுங்கள், செங்குத்தாக அல்ல.
அடுத்தது காற்று. இப்போது 32 பி.எஸ்.ஐ. இருக்கும், நாலு டயரிலும் 16க்கு இறக்குங்கள். மீட்டர் இல்லையென்றால் வால்வு ஊசியைச் சாவி நுனியால் அழுத்தி விட்டுவிட்டுப் பாருங்கள், பக்கச்சுவர் கொஞ்சம் பிதுங்கி, டயர் தரையில் படும் நீளம் கூடினால் போதும். 12க்குக் கீழே போனால் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் இ.எஸ்.பி.யைப் பொத்தானில் அணையுங்கள், இல்லாவிட்டால் டயர் வழுக்கும்போது அதுவே எஞ்சினை அடக்கிவிடும்.
வண்டியோடு வந்த ஜாக்கியைப் போடுவதென்றால் அடியில் பலகை வேண்டும். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது யாரும் கீழே தலையை விடக்கூடாது.

பனங்காட்டான் | 12.14
டயருக்கு அடியில் பனமட்டையை வெட்டிப் போடுங்கள், நல்ல பிடிமானம்.

டீசல்மூக்கன் | 12.16
ஐயோ வேண்டாம். காற்று இறக்கிய டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், மட்டையின் கருக்கு ரம்பம் மாதிரி அறுத்துவிடும். ஓலையை மட்டும் கிழித்துப் போடுங்கள். அல்லது சாக்கு, வண்டியின் மிதியடி. தண்ணீர் இருந்தால் டயர் போகும் தடத்தில் இரண்டு குடம் ஊற்றுங்கள், ஈர மணல் இறுகும்.

பனங்காட்டான் | 12.18
கருக்கைச் சீவிவிட்டுப் போடலாம் என்றுதான் சொல்ல வந்தேன்.

மேஜர்97 | 12.31
லாரிக் கயிற்றில் ஜெர்க் கொடுப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: அது சரக்கைக் கட்டுவதற்கு. ஜெர்க் இழுப்புக்கு என்று நீளும் நைலான் பட்டை தனியாக இருக்கிறது, 100 அடி 120 அடி ஆகும், அந்த இழுவிசைதான் வண்டியைப் பிடுங்கும். முடிச்சுப் போட்டால் பாதி வலு போய்விடும். இரண்டு பட்டையை ஷாக்கிள் என்ற இரும்பு வளையம் வைத்து இணைத்தால் அந்த ஷாக்கிள் ஒரு நாள் யார் மண்டையிலாவது இறங்கும். கண்ணிக்குள் கண்ணி கோர்த்து, நடுவில் செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் இறுகாமல் கழற்றலாம். 1997இலிருந்து நான் அப்படித்தான் செய்கிறேன்.

கடலோரஜீப் | 12.36
இதில் அண்ணாச்சி சொல்வது அத்தனையும் சரி. கொக்கி சேஸிஸோடு போல்ட் போட்டதாக இருக்க வேண்டும், கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு தொங்க வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்று நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும்.

மேஜர்97 | 12.38
பனை விஷயத்திலும் நான் சொன்னது சரிதான். மரமே வேண்டாம். ஸ்டெப்னியை ஆழக் குழி தோண்டிப் புதைத்து அதில் வின்ச் கட்டு.

பனங்காட்டான் | 12.41
நட்ட நடுவெயிலில் இடுப்பளவு குழியை நீங்கள் வந்து தோண்டுகிறீர்களா?

டீசல்மூக்கன் | 12.43
அண்ணாச்சிமாரே, அவர் வண்டியில் வின்ச் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

செம்மண்88 | 1.52
வின்ச் எல்லாம் இல்லை. வந்துவிட்டது. காற்று இறக்கி, பூசணிக்காய்க்குக் கீழே தோண்டி, ஓலை போட்டு, ரிவர்ஸில் இரண்டாவது தடவை ஏறிவிட்டது. ஒரு மிதியடி மட்டும் போச்சு. எல்லாருக்கும் நன்றி. பந்தி நடக்கிறது, வருகிறேன்.

கடலோரஜீப் | 1.54
காற்று அடித்தீர்களா? 16இல் ரோட்டில் வேகம் வைக்காதீர்கள், டயர் சூடாகி வெடிக்கும். பஞ்சர் கடை வரை 30, 40க்குள் போங்கள்.

கடலோரஜீப் | 3.20
தம்பி? காற்று?

பனங்காட்டான் | மாலை 6.05
பந்தியில் இருப்பார். மேஜர் அண்ணாச்சி, இன்றைக்கு எங்கள் விளையில் சாய்ந்து கிடந்த பனை ஒன்றின் வேரைப் படம் எடுத்தேன். சல்லிவேரை எண்ணிப் பாருங்கள்.

மேஜர்97 | 6.09
சாய்ந்து கிடக்கிறதா? அதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்.