திறந்து பார்த்தால் ஒழுங்காகப் பாடும் வால்வு ஆம்ப்ளிஃபயர்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மெல்லிழை
என் வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயரில் கோளாறு வலது சேனலில் மட்டும்தான். அரை மணி நேரம் ஒழுங்காகப் பாடும். பிறகு உரத்த இடம் ஒன்று வந்தால் கரகரத்து அப்படியே அமுங்கிவிடும். அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் பாடும். வால்வுகளை இடம் மாற்றிப் போட்டும் கோளாறு வலது பக்கத்தை விட்டு நகரவில்லை.

கடைசியில், அமுங்கிக் கிடக்கும்போதே அளந்துவிடுவது என்று 12ஏஎக்ஸ்7 என்ற சிறு வால்வுச் சாக்கெட்டின் 7ஆம் காலில், அதாவது சிக்னல் நுழையும் கிரிட்டில், மல்டிமீட்டர் முனையை வைத்தேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். பாட்டு முழு வீச்சில் வந்துவிட்டது! எடுத்தால் சற்று நேரத்தில் அமுங்கியது. வைத்தால் வந்தது. மருத்துவரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளையைப் போல.

கிரிட்டிலிருந்து தரைக்குப் போகும் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் சூடேறியதும் உள்ளுக்குள் அறுந்துபோகிறது. கிரிட்டில் சேரும் எலெக்ட்ரான்களுக்கு வடிய வழியில்லை. முந்தைய கட்டத்திலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கெப்பாசிட்டரில் எதிர் மின்னழுத்தம் ஏறி வால்வை அடைத்துவிடுகிறது. என் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அதன் வழியே ஒரு நொடிக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். கழற்றி ஆறவிட்டு அளந்தால் அந்த ரெசிஸ்டர் சரியாக 1 மெகா ஓம் காட்டுகிறது, கள்ளன்!

மரக்குச்சி
மீட்டரை எடுப்பதற்கு முன்னால் அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். என்னுடையதில் ஒலி சட்டென்று போகாது. பல நொடிகள் தேய்ந்து தேய்ந்து போகும், வரும்போதும் மெதுவாகவே வரும். இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு தேயத் தொடங்கியபோது ஒரே ஒரு வால்வின் ஆரஞ்சுப் பொட்டு மட்டும் அணைந்திருந்தது. மரக்குச்சியால் கண்ணாடியைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினேன். பொட்டு மறுபடி ஏறியது. வால்வுக்குள் சூடேற்றும் இழையான ஹீட்டரின் 9ஆம் காலைப் பிடிக்கும் சாக்கெட் தகடு அகன்றுபோயிருந்தது. அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு ஆறுவதற்கு நேரம் எடுக்கும், அதனால்தான் அந்த மெதுவான தேய்வு. சட்டென்று போனால் வேறு இடம் தேடுங்கள். எதுவானாலும் குச்சியால் தட்டினால் பிடிபட்டுவிடும்.

தடை நூறு
‘பிடிபட்டுவிடும்’ என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல வேண்டாம், மரக்குச்சி ஐயா. ஒரு மூலையில் தட்டினால் அதிர்வு சட்டகம் முழுவதும் ஓடும். எங்கே தட்டினாலும் கரகரக்கும். குச்சி சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது. எனக்குப் பிடித்துக் கொடுத்தது குளிர்விக்கும் ஸ்ப்ரேதான்: எலெக்ட்ரான்கள் போய்ச் சேரும் தகடான ஆனோடின் 100 கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்டர்மேல் ஒரு பீச்சு, படபடப்பு நின்றது. அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உள்ளே 300, 400 வோல்ட் இருக்கும்; அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியே வடித்து, மீட்டரில் சுழியத்துக்கு அருகே வந்ததைப் பார்த்த பிறகே கை வையுங்கள். ஓடும்போது அளப்பதானால் கறுப்பு முனையைக் கிளிப்பால் சட்டகத்தில் மாட்டிவிட்டு ஒரு கையால் மட்டும் அளங்கள். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான சுமையோ இல்லாமல் சிக்னல் கொடுக்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்ப்ரேயைச் சூடான கண்ணாடிமேல் அடிக்காதீர்கள், விரிசல் விடும். எல்லாச் சாலிடரையும் ஒரே மூச்சில் உருக்கிப் புதுப்பிக்கவும் வேண்டாம். கோளாறு மறைந்தால் எது காரணம் என்று தெரியாது, மறையாவிட்டால் புதிதாக நாலு சந்தேகம் சேரும். முதலில் வால்வுகளை இடம் மாற்றிப் பாருங்கள். செலவில்லாத சோதனை அது.

செந்தகடு
செலவில்லாத சோதனையா? முன்பகுதிச் சிறு வால்வுக்குச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பவர் வால்வை அப்படி மாற்றிப் போட்டு நல்ல ஈஎல்34 ஒன்றைப் பலி கொடுத்தவர் என் நண்பர். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பாட்டு நன்றாகவே இருக்கிறது, லேசான ஹம் (உறுமல்) மட்டும். திடீரென்று ஒரு வால்வின் சாம்பல் நிறத் தகட்டில் மடிப்பை ஒட்டி மங்கலான சிவப்புக் கோடு விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகன்று பரவியது. அவர் வால்வுதான் கெட்டது என்று நினைத்து அடுத்ததை அந்தச் சாக்கெட்டில் செருகினார். அதுவும் சிவந்தது. சுவிட்சை அணைப்பதற்குள் அதன் ஆயுளும் முடிந்தது.

கிரிட்டுக்குப் போகும் எதிர் மின்னழுத்தத்தை, அதாவது பயாஸை, சரிசெய்யும் பொட்டென்ஷியோமீட்டரின் நகரும் முனை அவ்வப்போது தொடர்பு விட்டுக்கொண்டிருந்தது. தொடர்பு விட்டால் கிரிட்டுக்கு எதிர் மின்னழுத்தம் போய்ச் சேராது. 25 வாட் தாங்கும் தகட்டில் அதற்கு மேல் ஏறும். ஆகவே முதலில் வால்வைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் 5ஆம் காலில், அதாவது கிரிட்டில், பயாஸ் வருகிறதா, பொட்டென்ஷியோமீட்டரை அசைத்தாலும் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு செருகுங்கள். கோளாறு வால்வோடு போகிறதா என்று பார்க்கும் ஆசையெல்லாம் அதற்கப்புறம்.

தடை நூறு
நான் சிறு வால்வுகளைத்தான் சொன்னேன்.

செந்தகடு
எழுதவில்லையே.

கவிழ்ந்த பெட்டி
உங்கள் சண்டைக்கு நடுவில் ஒன்று. என்னுடையது கவிழ்த்து வைத்தால் மணிக்கணக்கில் பாடுகிறது. நிமிர்த்தினால் சூடேறியதும் இடது பக்கம் சட்டென்று செத்துவிடுகிறது. அளக்க வேண்டிய இடமெல்லாம் அடிப்பக்கத்தில். அளக்கக் கவிழ்த்தால் கோளாறு இல்லை! எல்லா வால்வுகளும் எரிகின்றன, எதுவும் சிவக்கவில்லை.

மெல்லிழை
கவிழ்த்தால் வெப்பம் போகும் திசை மாறும், தொங்கும் கம்பிகளும் வால்வுகளும் வேறு பக்கம் சாயும். கெப்பாசிட்டர்களை வடித்துவிட்டு, இடது பக்க ஆனோடு, கேத்தோடு புள்ளிகளில் உயர் மின்னழுத்தம் தாங்கும் காப்பிட்ட கம்பிகளைச் சாலிடர் வைத்து வெளியே எடுங்கள். அடிமூடியைப் போட்டு நிமிர்த்தி வைத்து, ஒலி போகும்வரை மீட்டரில் கண் வைத்திருங்கள். கிரிட்டில் மட்டும் கம்பி வேண்டாம். ஹம் ஏறும், என் மீட்டர் செய்ததுபோல் கோளாறை மறைத்தாலும் மறைத்துவிடும். ஒலி போகும் நொடியில் எந்த அளவு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று இங்கே எழுதுங்கள்.