பயணத்துக்கு விட்ட பொருள் தொலையாமல் இருக்க என்ன செய்யலாம்?

கொக்குவில் வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜியோகேச்சிங்கில், அதாவது ஜிபிஎஸ் பார்த்து ஒளித்து வைத்த பெட்டிகளைத் தேடும் விளையாட்டில், நான் இறங்கி நாலு வருடம். பெட்டி தேடுவதைவிட ட்ராவல் பக் அனுப்புவதில்தான், அதாவது இலக்கம் போட்ட தகட்டில் ஒரு பொருளைக் கட்டிப் பெட்டிக்குப் பெட்டி பயணம் விடுவதில்தான், எனக்கு ஆசை அதிகம். இதுவரை இரண்டு அனுப்பினேன், இரண்டும் போய்விட்டன.

முதலாவதில் சின்னப் பனையோலைக் குட்டான் ஒன்று கட்டியிருந்தேன். அக்காவின் மகன் ரொறன்ரோவுக்குக் கொண்டுபோய் வைத்தான். அங்கிருந்து ஒருவர் ஜெர்மனிக்குக் கொண்டுபோய் ஒரு பெட்டியில் போட்டதாக இணையத்தில் பதிவு இருக்கிறது. அதன் பிறகு அந்தப் பெட்டியைத் திறந்த மூன்று பேரும், உள்ளே பக் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதை இங்கே யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கடற்கரைப் பக்கம் நானே வைத்த பெட்டியில் போட்டேன். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் பெட்டி இருக்கிறது, பெயர் எழுதுகிற கொப்பி இருக்கிறது, பக்கை மட்டும் காணவில்லை.

இப்போது மூன்றாவது. காலமான அப்பாவின் சைக்கிள் மணி மூடியைக் கட்டி அனுப்ப யோசிக்கிறேன். அந்தச் சைக்கிளில்தான் அவர் முப்பது வருடம் பட்டணத்துக்கு வேலைக்குப் போய் வந்தார். மூடி ஒரு பக்கம் நசுங்கி, பூச்சும் உரிந்துவிட்டது. ஆனாலும் நகத்தால் தட்டினால் இன்னும் கணீரென்று கேட்கும். போகிற ஊரிலெல்லாம் ஒரு சைக்கிளோடு வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். இது தொலையாமல் இருக்க வழி சொல்லுங்கள்.

பருத்தித்துறைக்காரன் எழுதியது:

தங்கச்சி, முதலில் ஒன்று. அந்த மூடியை அனுப்பவே அனுப்பாதீர்கள். பதினொரு வருடமாக இதில் இருக்கிறேன். என் பக்குகளில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. திரும்பாவிட்டால் தாங்க மாட்டோம் என்கிற பொருள் வீட்டு அலுமாரியில்தான் இருக்க வேண்டும். மூடியை நல்ல வெயிலில் வடிவாகப் படம் எடுத்து, எந்தப் போட்டோக்கொப்பிக் கடையிலும் லமினேற் செய்து, அந்த அட்டையைப் பக்கோடு கட்டுங்கள். பயணம் அதே பயணம்தான். பக் வாங்கும்போது ஒரே இலக்கத்தில் இரண்டு தகடு வருமே, இரண்டாவதை மூடியோடு சேர்த்து வையுங்கள். அட்டை தொலைந்தாலும் அதே இலக்கத்தில் இன்னொன்று செய்து அனுப்பலாம்.

எடுக்கிறவர்கள் எல்லோரும் கள்ளர் இல்லை. 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகனில் வைத்த முதல் பெட்டியிலிருந்தே ‘ஒன்றை எடு, ஒன்றை வை’ என்பதுதான் இந்த விளையாட்டின் வழக்கம். புதிதாக வருகிறவருக்குப் பக்கும் அப்படி மாற்றிக்கொள்ளும் சாமானாகத்தான் தெரியும். குட்டான் வடிவான பொருள் வேறு; கண்டவர் தனக்கென்று நினைத்து எடுத்திருப்பார். ஆகவே, ‘நான் பயணி. என்னை வைத்திருக்க வேண்டாம், இலக்கத்தைப் பதிந்து அடுத்த பெட்டியில் விடுங்கள்’ என்று அட்டையிலேயே எழுதுங்கள். வெளிநாட்டுக்கு ஆங்கிலம் போதும். இங்கே சுற்றுவதென்றால் தமிழும் சிங்களமும் வேண்டும். பெட்டியின் வெளியிலும் இது விளையாட்டுப் பெட்டி என்று மூன்று மொழியிலும் எழுதுங்கள். எங்கள் ஊரில் பற்றைக்குள் மூடிய பெட்டியைக் கண்டால் சனம் பயப்படும், அதில் பிழையும் இல்லை.

தகட்டோடு வருகிற, சின்ன உருண்டைகள் கோத்த சங்கிலி இழுத்தால் கழன்றுவிடும். பண்ணைக் கடல் காற்றுக்குச் சாதாரண வளையமும் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத கம்பி வளையம் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் பெட்டியின் ரப்பர் விளிம்பையும் பாருங்கள்.

லண்டன் மருமகள் எழுதியது:

அக்கா, பெட்டியைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். நான் எதையும் விடுமுன் அந்தப் பெட்டியின் கடைசிப் பத்துப் பதிவுகளை வாசிப்பேன். பட்டியலில் நாலு பக் இருக்கும், ஆனால் வந்தவர்கள் ‘உள்ளே ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கமே போகமாட்டேன். தெருவோரப் பெட்டியைவிடக் கொஞ்சம் நடந்து போக வேண்டிய பெட்டி நல்லது. சும்மா கடந்து போகிறவர் கையில் அகப்படாது. இந்த விளையாட்டுக்காரர்கள் கூடுகிற சந்திப்புகளில் ஆளுக்கு ஆள் கையில் கொடுப்பது இன்னும் நல்லது.

பிறகு, பக்கின் தகட்டில் இருக்கிற இரகசிய இலக்கம் தெரிகிற மாதிரிப் படம் போட வேண்டாம். பொருளைக் கண்ணாலும் காணாதவர்கள் அதைப் பார்த்துப் பதிவார்கள். பயணக் கணக்கே குழம்பிப் போகும்.

ஜெர்மனிக்குப் போனதைக் காணாமற் போனதாகக் குறித்துவிடுங்கள். அதோடு அது முடிந்துவிடாது. யாராவது எடுத்து இலக்கத்தைப் பதிந்தால் திரும்பவும் ஓடத் தொடங்கும். இரண்டு வருடம் சத்தமே இல்லாமல் கிடந்த என் பக் ஒன்று அப்படித்தான் வந்தது. எடுத்தவர் வீடு மாறும்போது சாமான் பெட்டிக்குள் கண்டாராம்.

கொக்குவில் வாசி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணை, நீங்கள் சொன்னதை வாசித்த பிறகு மூடியை எடுத்துத் துடைத்து அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். அதை ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வர என்னால் முடிந்திருக்காது என்று இப்போது விளங்குகிறது.

நேற்று முற்றத்து வெயிலில் படம் எடுத்தேன், நசுங்கிய பக்கம் தெரிகிற மாதிரி. குட்டான் கட்டிய பக்கையும் காணாமற் போனதாகக் குறித்தாயிற்று. அக்காவின் மகன் ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான். மூன்று அட்டை செய்து வைத்திருக்கிறேன், ஒன்று அவனோடு போகும்.